ஊருக்கா, வீட்டிலா? ரெண்டே முக்கால் வயசுப் பையனோடு ஒரு கிறிஸ்துமஸ் கணக்கு

அக்டோபர் 24 காலை எட்டு மணிக்குள் எங்கள் வீட்டில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். டிசம்பர் 23 அன்று ஊருக்கு ரயில் ஏறுவதாக இருந்தால் முன்பதிவு அன்றைக்குத்தான் திறக்கும். முன்பெல்லாம் 120 நாள் இருந்தது, ஆகஸ்டிலேயே டிக்கெட் போட்டுவிட்டு மறந்துவிடலாம்; 2024 நவம்பரிலிருந்து அதை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். இந்த வருஷம், 2025-இல், தீபாவளி முடிந்து நாலாவது நாளே உட்கார்ந்து கிறிஸ்துமஸைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடம் எல்லாம் விடுகிற நேரம், கீழ் பெர்த் வேண்டுமென்றால் எட்டு அடித்து ஐந்து நிமிஷத்துக்குள் போட்டால்தான் உண்டு. பையனுக்கு ஐந்து வயது ஆகவில்லை, டிக்கெட் வேண்டாம், அதனால் அவனுக்குப் பெர்த்தும் கிடையாது. அவனும் நானும் ஒரே பலகையில்தான். ராத்திரி முழுக்க அவன் காலை என் முகத்தில் வைத்துக்கொண்டு தூங்குவான்.

எங்கள் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் கணக்கு புரியும். வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம், சி.எஸ்.ஐ., அதாவது புராட்டஸ்டன்ட் சபை. எனக்குத் தூத்துக்குடி, ஆர்.சி., ரோமன் கத்தோலிக்கம். குடியிருப்பது சென்னையில் ரெண்டாவது மாடி ஃபிளாட். பையன் பிறந்த பிறகு ரெண்டு கிறிஸ்துமஸ் வந்து போயிற்று, ஒன்று வீட்டில், ஒன்று ஊரில். ரெண்டுமே நாங்கள் நினைத்த மாதிரி நடக்கவில்லை, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ரெண்டும் கையில் இருக்கிறது.

முதல் வருஷம், 2023. பையனுக்குப் பத்து மாசம். செந்தூர் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எல்லாம் தயார். டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, நெல்லையில் பெய்த மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். நாங்கள் போக வேண்டிய அதே செந்தூர் எக்ஸ்பிரஸ் திருச்செந்தூரிலிருந்து கிளம்பி வந்து ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் எண்ணூறு பேரோடு தண்ணீருக்கு நடுவில் நின்றது. கிறிஸ்துமஸ் முடிகிறவரை அந்தத் தண்டவாளம் சரியாகவில்லை. மாமாவுக்கும் அத்தைக்கும் மூன்று நாள் போனே போகவில்லை, நாலாவது நாள் லைன் கிடைத்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வி, "பிள்ளைக்குப் புதுத்துணி எடுத்தாச்சா?" அப்படித்தான் நாங்கள் சென்னையிலேயே கொண்டாடினோம்.

ரெண்டாவது வருஷம், 2024, ஊர். முந்தின வருஷம் விட்டதையும் சேர்த்துப் பிடித்துவிட வேண்டும் என்று பேராசை. 24 ராத்திரி தூத்துக்குடியில் எங்கம்மா வீட்டில் நள்ளிரவுப் பூசை, அது முடிந்ததும் கார் பிடித்து நாசரேத், அங்கே விடியற்காலை ஆராதனை. ரெண்டு பக்கத்துக்கும் வருத்தம் வராது பாருங்கள். வருத்தம் எல்லாம் இருபத்திரண்டு மாசப் பையனுக்கு வந்தது. பூசையில் மணியடித்து, இயேசு பிறந்த மாட்டுக்கொட்டிலைப்போல ஜோடித்த குடிலில் பாலன் இயேசு சுரூபத்தைத் திறந்த நேரத்தில் வெளியே யாரோ சரவெடி கொளுத்தினார்கள், தூங்கிக்கொண்டிருந்தவன் தூக்கிவாரிப் போட்டு எழுந்தான். எழுந்தவன் எழுந்தவன்தான். காரில் வாந்தி. விடியற்காலை ஆராதனையில் ஐயர் (சி.எஸ்.ஐ.யில் போதகரை அப்படித்தான் சொல்வார்கள்) பிரசங்கத்தைத் தொடங்கும்போது இவனும் தொடங்கினான். நான் கோயில் வாசலில் வேப்பமரத்தடியில் பதினோரு கிலோவைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்ததுதான் என் கிறிஸ்துமஸ். பட்டுப்புடவையில் வாந்திக் கறை இன்னும் லேசாக இருக்கிறது.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் ஏன் ஊர் என்ற பேச்சு வருகிறது? ஊரில் கிறிஸ்துமஸை நாம் செய்ய வேண்டியதில்லை, அது தானாக நடக்கும். டிசம்பர் ஒன்றாம் தேதியே மொட்டை மாடியில் கம்பு நட்டு ஸ்டார் ஏறிவிடும். ராத்திரி கீத பவனி வரும், மேளம் தட்டிக்கொண்டு வீடு வீடாகப் பாடிவிட்டுப் போவார்கள். ஆச்சி அடுப்படியில் அதிரசம் சுடுவாள், சித்தப்பா பிள்ளைகள் முற்றத்தில் ஓடுவார்கள், யார் பிள்ளை யார் மடியில் இருக்கிறது என்றே தெரியாது. பையன் ஒரு பகல் முழுக்க என்னைத் தேடவே இல்லை. சென்னையில் எனக்கு இது கனவு. பிள்ளைக்கு 'நம்ம ஆளுங்க' என்றால் யார் என்பது வீடியோ காலில் வராது, ஆச்சி கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு கன்னத்தைக் கிள்ளினால்தான் வரும்.

ஒரே ஒரு சிக்கல், கிறிஸ்துமஸ் தாத்தா. கீத பவனியில் ஒருத்தர் சிவப்பு அங்கியும் பிளாஸ்டிக் முகமூடியும் மாட்டிக்கொண்டு ஆடிக்கொண்டே வருவார் இல்லையா, அந்த முகமூடி அசையாத சிரிப்போடு குனிந்து மிட்டாயை நீட்டியபோது பையன் கத்திய கத்தலில் மேளமே நின்றது. ரெண்டு வயதுப் பிள்ளைக்கு முகம்தான் எல்லாம், கண்ணும் வாயும் அசையாத முகத்தைப் பார்த்தால் பயப்படாமல் என்ன செய்யும். "பயந்தாங்கொள்ளி" என்று ஒரு பெரியவர் சொன்னார், எனக்கு அவர் மேல்தான் கோபம். பிறகு சித்தப்பா ஒரு நல்ல காரியம் செய்தார். மறுநாள் பகல் வெளிச்சத்தில் அதே முகமூடியைப் பையன் முன்னால் மாட்டிக் கழற்றி, மாட்டிக் கழற்றி, கடைசியில் அவன் கையிலேயே கொடுத்துவிட்டார். அதை நாய்க்குட்டிக்கு மாட்டப் பார்த்தான். நீங்கள் ஊருக்குப் போவதாக இருந்தால் கீத பவனிக்கு முந்தின நாளே இதைச் செய்துவிடுங்கள்.

பூசை நேரம் பற்றி எங்கம்மாவோடு எனக்கு இன்னும் தகராறு. "நடுச்சாமப் பூசை பார்க்காம என்னட்டி கிறிஸ்துமஸ்" என்பாள். நான் சொல்வது இது: திருச்சபையே கிறிஸ்துமஸுக்கு நாலு திருப்பலி வைத்திருக்கிறது, 24 மாலையில் திருவிழிப்பு, அப்புறம் இரவு, விடியல், பகல் என்று. நாலும் கிறிஸ்துமஸ் பூசைதான், பகல் பூசைக்குப் போனவருக்கு அரைக் கிறிஸ்துமஸ் என்று எங்கும் எழுதியில்லை. கைப்பிள்ளை வைத்திருப்பவர்கள் பிள்ளையின் தூக்கத்தைப் பார்த்து நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். எங்கள் பையன் எட்டரைக்குத் தூங்கி ஐந்துக்கு எழுகிற ஜாதி. நள்ளிரவு அவனுக்கு எதிரி, விடியற்காலை நண்பன். முந்தின ராத்திரி எங்கேயும் இழுத்தடிக்காமல் படுக்க வைத்திருந்தால் போன வருஷம் நாசரேத் ஆராதனையில் சமத்தாக உட்கார்ந்திருப்பான் என்றே நினைக்கிறேன். உங்கள் பிள்ளை ஏழு மணிக்கு எழுகிறதா, பகல் பூசைக்குப் போங்கள், அம்மாவிடம் நான் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

இப்போது வீடு. 2023-இல் அந்த வாரம் எங்கள் மனசே சரியில்லை, டி.வி.யில் ஊர் முழுக்கத் தண்ணீர், இங்கே பாட்டுப் போடக்கூடக் கை வரவில்லை. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், ஃபிளாட்டில் கிறிஸ்துமஸ் பற்றி யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது: 25 காலை பதினொரு மணி. கோயிலுக்குப் போய் வந்தாயிற்று, கேக் வெட்டியாயிற்று, பிரியாணி குக்கரில், எல்லோருக்கும் போன் போட்டு முடித்தாயிற்று. வாசலில் கீரைக்காரர் வழக்கம்போலக் கூவிக்கொண்டு போகிறார். பண்டிகை முடிந்துபோன மாதிரி ஒரு வெறுமை. பெரியவர்களான நமக்குத்தான் அது, பிள்ளைக்கு இல்லை. பத்து மாசப் பையன் கேக் பெட்டியைச் சுற்றியிருந்த ரிப்பனை ஒரு மணி நேரம் இழுத்து விளையாடினான். அவன் நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. செலவும் பாதிதான்.

வீட்டில் என்று முடிவானால் அடுத்த சண்டை மரமா, குடிலா. இதில் எங்கள் ரெண்டு குடும்பமும் ரெண்டு கட்சி. வீட்டுக்காரர் சின்ன வயதில் மாமா சவுக்குக் கிளையை வெட்டி வந்து, வாளியில் மணல் போட்டு நட்டு, பலூன் கட்டுவாராம். பனியையே பார்க்காத ஊரில் பஞ்சைப் பிய்த்துக் கிளையெல்லாம் பனி. எங்கள் வீட்டில் மரமே கிடையாது, குடில்தான், வைக்கோல் போட்டுக் கூரை, கண்ணாடித் துண்டில் குளம். குடிலுக்கு மூப்பு அதிகம், அசிசி பிரான்சிஸ் கிரேச்சோவில் குடில் வைத்தது 1223-இல் என்று நான் ஆரம்பிப்பேன். "உங்க பிரான்சிஸ் நிஜ மாட்டையே கட்டினார், நீ கட்டுறியா" என்று அவர் முடிப்பார்.

பிள்ளை இருக்கிற வீட்டுக்கு எது சரி என்றால் என் ஓட்டு குடிலுக்கு, ஆனால் ரெண்டையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். கடையில் வாங்கும் நாலடி பிளாஸ்டிக் மரம் எடையே இல்லாதது, பிள்ளை ஒரு கிளையைப் பிடித்து இழுத்தால் மேலே சாயும், ஜன்னல் கம்பியோடு கட்டித்தான் ஆக வேண்டும். அலங்காரத்தை மேல் பாதியில் மட்டும்தான் தொங்கவிட முடியும், கீழே மொட்டை. உடைகிற பந்து கூடாது, ஜரிகையைப் பிய்த்து வாயில் போடும், சீரியல் செட் வயர் கைக்கு எட்டக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், இப்போது வருகிற எல்.இ.டி. மெழுகுவர்த்தி, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை இவற்றுக்குள் இருக்கிற பொத்தான் சைஸ் பேட்டரி. அது தொண்டையில் மாட்டினால் ரெண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. எங்கள் வீட்டில் திருகாணி போட்டு மூடாத பேட்டரிப் பெட்டி உள்ள எதையும் டிசம்பரில் உள்ளே விடுவதில்லை. மொத்தத்தில் மரத்தடியில் பிள்ளைக்கு நாம் சொல்லும் வார்த்தை ஒன்றே ஒன்றுதான், "தொடாதே". ஒரு மாசம் முழுக்க.

குடிலிலும் உடைகிற பொம்மைகள்தான், பாரிமுனையில் தெருக்கடையில் வாங்கிய பிளாஸ்டர் சுரூபங்கள். மாதா, சூசையப்பர், பாலன், மூன்று ராஜாக்கள், ஒரு மாடு, மூன்று ஆடு. 2023-இல் பத்து மாசக்காரன் தவழ்ந்து வந்து முதல் நாளே ஒரு ஆட்டைப் பிடித்துத் தரையில் தட்டி ஒரு காதை உடைத்தான். எனக்கு யோசனை சொன்னது எதிர் வீட்டு மாமி. அவர்கள் வீட்டில் கொலு வைக்கும்போது கீழ்ப்படியில் மரப்பாச்சி மட்டும் வைப்பார்கள், பேரப் பிள்ளைகள் எடுத்து விளையாடி எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், மேல் படிகளில் கைவைக்கக் கூடாது. "தொடறதுக்கு ஒண்ணு குடுத்துட்டா மத்ததைத் தொடாதுடி" என்றார். நூற்றுக்கு நூறு உண்மை இல்லை, எழுபது உண்மை. குடிலை டி.வி. ஸ்டாண்டு உயரத்துக்கு ஏற்றிவிட்டு, அந்தக் காது உடைந்த ஆட்டை அவனுக்கே கொடுத்துவிட்டோம். கூர்மையான விளிம்பை மட்டும் வீட்டுக்காரர் உப்புத்தாளில் தேய்த்தார். அந்த ஆடு அதற்குப் பிறகு அட்டைப்பெட்டிக்குத் திரும்பிப் போகவே இல்லை, வருஷம் முழுக்க விளையாட்டுச் சாமான் கூடையில்தான் கிடக்கிறது.

குடிலில் எனக்கு ரொம்பப் பிடித்தது, அது ஒரு நாள் வேலை இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தில் நாலு ஞாயிறு, இந்த வருஷம் நவம்பர் 30 முதல் ஞாயிறு. முதலில் வெறும் கொட்டில். அடுத்த வாரம் மாடு. எங்கம்மா வீட்டில் டிசம்பர் நடுவில் சின்னத் தட்டில் மண் போட்டுக் கேழ்வரகு தூவுவார்கள், முளைப்பாரி மாதிரிதான், பத்து நாளில் பச்சையாக நிற்கும், அதுதான் பெத்லகேம் புல்வெளி. ரெண்டே முக்கால் வயதுப் பிள்ளையால் தினமும் செய்ய முடிகிற வேலை வேறு என்ன இருக்கிறது சொல்லுங்கள், ஒரு டம்ளர் தண்ணீரைத் தெளிக்கும், பாதியைத் தன் மேல் ஊற்றிக்கொள்ளும், முளை வந்ததும் வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துக் காட்டும். ராஜாக்கள் உடனே வரக் கூடாது. ஃபிரிட்ஜ் மேலே ஆரம்பித்து, நாளுக்கு ஒரு இடமாக நகர்ந்து, அலமாரி, ஜன்னல் திண்டு என்று நடந்து ஜனவரி 6-க்குத்தான் குடிலுக்கு வந்து சேர வேண்டும். நான் சின்னப் பிள்ளையில் காலையில் எழுந்ததும் ராஜா எங்கே என்று தேடி ஓடியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கிடைத்த பரிசு ஒன்றுகூட ஞாபகம் இல்லை.

பரிசு பற்றிச் சுருக்கமாக. எங்கள் ரெண்டு பேர் வீட்டிலும் கிறிஸ்துமஸ் பரிசு என்றால் புதுத்துணிதான். இப்போது அப்பார்ட்மெண்ட் பிள்ளைகளைப் பார்த்து நமக்கும் தாத்தா வந்து மரத்தடியில் பெட்டி வைத்துவிட்டுப் போக வேண்டும்போல இருக்கிறது. இந்த வயதுப் பிள்ளைக்கு அந்தக் கதை தேவையே இல்லை, முகமூடி பயமும் இருக்கிறது. யார் கொடுத்தார்களோ அவர்கள் பெயரைச் சொல்லியே கொடுக்கிறோம், இது ஆச்சி வாங்கினது, இது தாத்தா வாங்கினது என்று. ஒரே நாளில் ஆறு பெட்டியைப் பிரிக்கக் கொடுத்தால் ஆறாவதில் அழுகைதான், நாளுக்கு ஒன்றாகப் பிரியுங்கள்.

பலகாரம்? முழுசாக வீட்டில் சுடுவது, முழுசாகக் கடையில் வாங்குவது, ரெண்டும் எனக்குச் சரிவரவில்லை. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருக்கும்போது சமையலறை வாசலில் இந்த வயதுப் பிள்ளை நிற்பது வயிற்றைக் கலக்குகிற விஷயம், அதனால் முறுக்கு, அதிரசம் கடையில். கல்கல் மட்டும் வீட்டில். மாவை உருட்டிச் சீப்பில் வைத்து அழுத்துகிற வேலையைப் பையன் செய்வான், புதுச் சீப்பு என்று சொல்லத் தேவையில்லை. அவன் தூங்கிய பிறகு நான் பொரித்து எடுப்பேன். முழு முந்திரி, முழுக் கடலை எல்லாம் நாலைந்து வயதுவரை வேண்டாம், புரையேறினால் ஆபத்து. எங்கள் ஊர் மக்ரூனில் முந்திரி பொடியாக முட்டை வெள்ளையோடு கலந்து வாயில் போட்டதும் கரைந்துவிடும், ஆனால் முந்திரியும் முட்டையும் ஒத்துக்கொள்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். தீபாவளிக்கு வந்த தட்டுகளை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது எங்கள் மாடியின் சட்டம், போன வருஷம் ஊரில் இருந்ததால் அந்தக் கடன் புத்தாண்டுவரை இழுத்தது.

ஒரு வருஷம் இங்கே, ஒரு வருஷம் அங்கே என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளேன் என்று தோழி சொன்னாள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வயதில் நடப்பது எதுவும் அவனுக்கு நிற்கப்போவதில்லை, பெரியவர்கள் பெரும்பாலானவர்களுக்கு மூன்று வயதுக்கு முந்தியது ஞாபகம் இருப்பதில்லை. ரெண்டு வயதில் பார்த்த ஊர்க் கிறிஸ்துமஸை நாலு வயதில் காட்டினால் அவனுக்கு அது புதுசு. வருஷா வருஷம் அதே மாதிரி வந்தால்தான் "போன தடவை மாதிரி" என்று ஒரு நாள் அவன் வாயிலிருந்து வரும். அதற்கு நாங்கள் அலுக்காமல், சண்டை போடாமல் ஐந்தாறு வருஷம் செய்யக்கூடிய அளவுக்கு அது சின்னதாக இருக்க வேண்டும். ரெண்டு கோயில், ஒரே ராத்திரி, கார் என்பது அந்த ரகம் இல்லை என்று பார்த்தாயிற்று.

அதனால் எங்கள் கணக்கு இப்படி முடிந்திருக்கிறது. 25 ஊருக்கு, டிசம்பரின் மீதி வீட்டுக்கு. நவம்பர் 30 குடில் வேலை ஆரம்பம். 23 செந்தூர் எக்ஸ்பிரஸ், அது கும்பகோணம், தஞ்சாவூர் என்று சுற்றிக்கொண்டு போனாலும் நாசரேத்திலேயே இறக்கிவிடும், பிள்ளையோடு நடுவில் வண்டி மாறத் தேவையில்லை. 24 எட்டரைக்கு அவன் படுக்கை, கீத பவனி வந்தாலும் எழுப்புவதில்லை. விடியற்காலை ஆராதனை ஒன்றே ஒன்று. மத்தியானச் சாப்பாட்டுக்குத் தூத்துக்குடி, எங்கம்மா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கறி பரிமாறுவாள், சாயங்காலத்துக்குள் சரியாகிவிடுவாள். 26 ஒரு நாள் லீவு போட்டால் சனி, ஞாயிறு கிடைக்கிறது, 28 ராத்திரி திரும்பல். மழை கெடுத்தால் வீடுதான், குடில் தயாராக இருக்கும்.

மிச்சமிருந்த ஒரே கேள்வி, 25 அன்று நாங்கள் இல்லாத வீட்டில் குடிலில் பாலனை யார் வைப்பது. வீட்டுக்காரர்தான் சொன்னார், மரக் கட்சிக்காரர், "பாலனையும் கூட்டிட்டுப் போவோமே" என்று. பஞ்சு வைத்து ஒரு டிபன் டப்பாவில். 25 காலை ஆச்சி வீட்டு மேசையில் கொஞ்ச நேரம், மத்தியானம் எங்கம்மா வீட்டுக் குடிலில் அவர்கள் பாலன் பக்கத்தில் கொஞ்ச நேரம், அப்புறம் சென்னைக்கு வந்து தன் கொட்டிலில். டப்பாவைத் தூக்கி வருவது பையன் பொறுப்பு. ஒத்திகைக்காக நேற்று அதே டப்பாவைக் காலியாக அவனிடம் கொடுத்து வைத்தேன். ராத்திரி எடுத்துத் திறந்தால் உள்ளே காது உடைந்த ஆடு, பக்கத்தில் கடித்து மீதி வைத்த அரை மாரி பிஸ்கட்.